வீட்டு வாசல்ல போய்ப் போராட்டம் செய்யலாமோ? சட்டம் எங்க கோடு போடுது?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொன்னா இதுதான். யாழ்ப்பாணத்தில வலிகாமம் பக்கத்தில ஒராள் கனடாவுக்கு அனுப்புறன் எண்டு சொல்லி கொஞ்சக் குடும்பங்களிட்ட லட்சக்கணக்கில காசு வாங்கிப்போட்டார், இப்ப போன் எடுக்கிறாரில்லை, கந்தோரும் பூட்டு, அதால காசு குடுத்த ஆக்கள் எல்லாரும் சேர்ந்து அவற்ற வீட்டு வாசல்ல பதாகையோட போய் இருக்கப் போகினம். இதுக்கு இலங்கையில தடை இருக்கோ, வெளிநாடுகளில வீட்டுக்கு முன்னால போராடக் கூடாதெண்டு தனிச் சட்டமே இருக்காமே, இஞ்ச எப்பிடி எண்டு கேட்டிருக்கிறார். நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில கன காலமா வழக்குப் பேசுற ஆள், இந்த விசயம் எனக்கு மனசுக்குக் கிட்டினது, அதால கொஞ்சம் விரிவா எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

நேரடிப் பதில் முதல்ல. தனியார் வீட்டுக்கு முன்னால ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாதெண்டு மட்டும் சொல்லுற தனிச் சட்டம் எங்கட நாட்டில இல்லை. ஆனா அதை வச்சு அப்ப போகலாம்தானே எண்டு வெளிக்கிட்டிடாதேங்கோ, ஏனெண்டா அந்த ஒரு சட்டம் செய்யக்கூடிய வேலையை இஞ்ச கன பழைய பிரிவுகள் சேர்ந்து செய்யுது, அதுவும் வீட்டு வாசலுக்கு மட்டுமில்லை, கச்சேரி முன்றல், பஸ் ஸ்டாண்ட், கோயில் வீதி எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். என்ர கவலையே அதுதான். வீட்டுக்குள்ள இருக்கிற மனிசரைப் பாதுகாக்கச் சட்டம் வேணும், அதில எனக்குச் சந்தேகமில்லை, ஆனா அது ஒடுக்கமா, ஏழை வீடு பெரியாள் வீடு எண்டு பாக்காமல் இருக்கோணும். எங்களிட்ட இருக்கிறது நேர்மாறு.

அரசியலமைப்பில இருந்து வருவம். 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் அமைதியாக் கூடுற சுதந்திரத்தையும் தருது. 15ஆம் உறுப்புரை அதுக்கு எப்பெப்ப கட்டுப்பாடு போடலாம் எண்டு சொல்லுது: தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு, மற்ற ஆக்களின்ர உரிமைகளுக்கு உரிய மதிப்புக் குடுக்கிறது எண்டு ஒரு வரிசை இருக்கு. வீட்டு வாசல் பிரச்சினை இந்தக் கடைசிச் சொல்லுக்குள்ளதான் வருது. தனிமை எண்டது எங்கட அடிப்படை உரிமை அத்தியாயத்தில ஒரு தனி உரிமையா எழுதப்படேல்லை, அதால நீதிமன்றத்தில இதைப் பற்றிக் கதைக்கேக்க பொது ஒழுங்கு, தொல்லை எண்ட பாதையாலதான் போகவேண்டிக் கிடக்கு. அதே நேரம் போராட்டக்காரரின்ர பக்கத்திலயும் ஒரு பலமான தீர்ப்பு இருக்கு. 1992 இல எதிர்க்கட்சிகள் ஜன கோஷா எண்டு ஒரு போராட்டம் செய்தவை, மணி அடிக்கிறது, மேளம் அடிக்கிறது, வாகன ஹோண் அடிக்கிறது எண்டு சத்தம் போட்டு எதிர்ப்புக் காட்டுறது. பொலிஸ் தடுத்தது, விசயம் நாட்டின்ர ஆக மேல் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு, 1993 இல அமரதுங்க எதிர் சிறிமல் எண்ட வழக்கில நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அந்தச் சத்தமும் கருத்து வெளிப்பாடுதான், பேச்சுச் சுதந்திரத்துக்குள்ள வரும் எண்டு தீர்ப்பெழுதினார். எங்கட ஆக்களுக்கு இந்த வழக்குப் பெரிசாத் தெரியாது, தெரிஞ்சிருக்கோணும்.

சரி, பொலிஸ் எதைக் கையில எடுக்கும்? ஒழுங்கையில நிக்கிறவரைக்கும் அது பொது இடம், கேற்றைத் திறந்து வளவுக்குள்ள காலை வச்சீங்களெண்டா, பயப்படுத்தவோ கரைச்சல் குடுக்கவோ உள்ள போனதெண்டு சொல்லி தண்டனைச் சட்டக்கோவை 427ஆம் பிரிவில குற்றமுறை அத்துமீறல் வரும். கேற்றுக்கு முன்னால குந்திக்கொண்டு வீட்டாக்களை வெளியில போகவிடாமல் மறிச்சா அது தனிக் குற்றம். அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து, பலாத்காரத்தாலயோ அப்பிடிப் பயங்காட்டியோ ஒராளைக் காசைத் தரச்சொல்லி நெருக்கினீங்களெண்டா 138ஆம் பிரிவுக்குக் கீழ சட்டவிரோத ஒன்றுகூடல் எண்டு எழுதலாம், ஆறு மாசம் வரைக்கும் சிறை. ஊர்வலமாப் போறதெண்டா பொலிஸ் கட்டளைச் சட்டத்தின்ர 77ஆம் பிரிவுப்படி ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் கிட்ட இருக்கிற பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்கோணும். அறிவித்தல்தான், அனுமதி இல்லை, இந்த வித்தியாசத்தைப் பொலிசே சில நேரம் மறந்திடும், நீங்கள் மறந்திடாதேங்கோ. ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதிப் பத்திரம் வேணும், அதுவும் இரவு பத்து மணியில இருந்து விடிய ஆறு மணி வரைக்கும் குடுக்கக் கூடாதெண்டு 2007 இல உயர் நீதிமன்றம் கட்டளை போட்டிருக்கு. அது பள்ளிவாசல் ஒலிபெருக்கி சம்பந்தமா வந்த வழக்கு, ஆனா கட்டளை எல்லாருக்கும் பொது. வீட்டில இருக்கிற ஆளுக்கு விருப்பமில்லாத சத்தத்தில இருந்து தப்பிப் போக வழியில்லை எண்ட நியாயம் அதுக்குள்ள இருக்கு, வெளிநாட்டு வழக்குகளிலயும் இதே நியாயம்தான் ஓடுது, கீழ சொல்லுறன்.

இதெல்லாத்தையும் விட முக்கியம் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின்ர 106ஆம் பிரிவு. அவசரம் எண்டு நீதவான் நினைச்சா மற்றப் பக்கத்தைக் கேக்காமலே இன்னதைச் செய்யாதேங்கோ எண்டு எழுத்தில கட்டளை போடலாம். 14 நாளைக்கு மேல அது நிக்காது, ஆனா ஒரு போராட்டத்தைக் குழப்ப 14 நாள் காணும். வடக்கில வாழுற ஆக்களுக்கு இந்தப் பிரிவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. செப்டெம்பரில திலீபன் நினைவு வந்தா, நவம்பரில மாவீரர் வாரம் வந்தா, பொலிஸ் விண்ணப்பத்தோட நீதிமன்றத்துக்கு வரும், சில நீதவான்மார் குடுத்திருக்கினம், சில பேர் மறுத்துமிருக்கினம். கட்டளை வாற விதத்தைப் பாத்தா விளங்கும்: பின்னேரம் ஒரு மோட்டச்சைக்கிள்ள ரெண்டு பொலிஸ் வந்து படலையில நிண்டு பேரைக் கேட்டு ஒரு தாளைக் குடுத்து ஒப்பம் வாங்குவினம், அடிச்ச வரிகளுக்கு நடுவில உங்கட பேர் ஒரு எழுத்துப் பிழையோட இருக்கும், கீழ நீதிமன்ற முத்திரை. அந்தத் தாளைக் கையில வச்சுக்கொண்டு அம்மா கதவடியில நிண்டு என்னடா செய்தனி எண்டு கேக்கிற காட்சியை எங்கட பக்கத்துக் கன வீடுகள் பாத்திருக்கு. அதால ஒரு வீட்டுக்கு முன்னால நிக்கிற பத்துப் பேரை எழுப்ப இஞ்ச புதுச் சட்டம் வேணுமெண்டில்லை.

இப்ப வெளிநாட்டுப் பக்கம் வாறன். இதில கூடக் கதை அமெரிக்காவிலதான். 1985 ஏப்ரல் மேயில விஸ்கொன்சின் மாநிலத்தில புரூக்பீல்ட் எண்ட சின்ன நகரத்தில கருக்கலைப்புச் செய்யிற ஒரு டொக்டரின்ர வீட்டுக்கு முன்னால ஆக்கள் வந்து வந்து நிண்டவை, ஒரு நாளைக்குப் பதினொரு பேர், இன்னொரு நாளைக்கு நாப்பதுக்கும் மேல. அடிபிடி இல்லை, பெரும்பாலும் ஒழுங்காத்தான் நிண்டவை, நீதிமன்றமே அதைப் பதிவு செய்திருக்கு. எண்டாலும் நகரசபை எந்த வீட்டுக்கு முன்னாலயும் மறியல் போராட்டம் கூடாதெண்டு சட்டம் போட்டுது. விசயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1988 இல ஃபிரிஸ்பி எதிர் ஷுல்ட்ஸ் எண்ட வழக்கில ஆறுக்கு மூண்டு எண்டு அந்தச் சட்டம் செல்லும் எண்டு தீர்ப்பு வந்தது. வடிவாப் பாக்கவேண்டியது அதை எப்பிடிச் செல்லுபடியாக்கினவை எண்டதைத்தான். நீதியரசர் ஒகொனர் சட்டத்தைப் பிடிச்சு ஒடுக்கி வாசிச்சார்: ஒரு குறிப்பிட்ட வீட்டைக் குறிவச்சு அதுக்கு முன்னாலயே நிக்கிறது மட்டும்தான் தடை, அந்தக் குடியிருப்புக்குள்ளால ஊர்வலம் போகலாம், ஒரு தெரு முழுக்க நடக்கலாம், வீடு வீடாப் போய்க் கதைக்கலாம், நோட்டீஸ் குடுக்கலாம். காரணமாச் சொன்னது, வீட்டில இருக்கிற ஆளால தனக்கு வேண்டாத பேச்சில இருந்து எழும்பிப் போக ஏலாது, றோட்டில நிக்கிறவனுக்கு முகத்தைத் திருப்பலாம், பார்க்கில இருக்கிறவனுக்கு எழும்பலாம், வீட்டுக்குள்ள இருக்கிறவன் எங்க போறது.

அதுக்கு எட்டு வருசத்துக்கு முன்னம் 1980 இல அதே நீதிமன்றம் இலினோய் மாநிலத்தின்ர சட்டம் ஒண்டை வெட்டி எறிஞ்சது. அந்தச் சட்டம் வீட்டுக்கு முன்னால மறியல் கூடாதெண்டு சொல்லிப்போட்டு தொழிற்சங்கப் பிரச்சினையெண்டா மட்டும் நிக்கலாமெண்டு விட்டிருந்தது. சிக்காகோ மேயரின்ர வீட்டுக்கு முன்னால பாடசாலை இன ஒருங்கிணைப்புப் பற்றி நிண்ட ஆக்களைப் பிடிச்சு வழக்குப் போட, நீதிமன்றம் சொன்னது, என்ன விசயம் கதைக்கினம் எண்டதை வச்சு ஒருத்தனை விட்டு மற்றவனைப் பிடிக்க ஏலாது எண்டு. இன்னும் பின்னுக்குப் போனா 1965 இல கறுப்பின மக்களின்ர உரிமைக்காகப் போராடின டிக் கிரகரி தலைமையில அதே சிக்காகோவில மேயர் டேலியின்ர வீட்டடிக்கு ஊர்வலம் போனது, ஊர்வலக்காரர் அமைதியா நடந்தவை, பாத்துக்கொண்டு நிண்ட அயலாக்கள்தான் கல்லும் முட்டையும் எறிஞ்சவை, பொலிஸ் பிடிச்சதோ ஊர்வலக்காரரை. 1969 இல அந்தத் தண்டனை ரத்தாச்சு. 1994 இல புளோரிடாவில கருக்கலைப்புச் செய்யிற மருத்துவமனை ஊழியரின்ர வீடுகளைச் சுத்தி 300 அடிக்குள்ள ஆரும் போராடக் கூடாதெண்ட கட்டளையையும் இது கூடிப்போச்செண்டு உச்ச நீதிமன்றம் தள்ளினது. இந்த நாலையும் சேத்து வாசிச்சா கோடு தெளிவாத் தெரியும்: வீட்டைக் குறிவச்சு நிக்கிறதைத் தடுக்கலாம், ஆனா தெருவையே பூட்ட ஏலாது, பேசுற விசயத்தைப் பாத்து ஆளைப் பிரிக்க ஏலாது. அண்மையில 2022 இல புளோரிடா ஒரு மாநிலச் சட்டம் போட்டுது, அதில ஆளைத் துன்புறுத்துற நோக்கம் வேணும், அதோட முதல் பொலிஸ் எச்சரிக்கை குடுத்துக் கலையச் சொல்லவேணும், அதுக்குப் பிறகும் நிண்டாத்தான் குற்றம். அந்த எச்சரிக்கை எண்ட படி எனக்குப் பிடிச்ச விசயம்.

இங்கிலாந்தில 2001 ஆம் ஆண்டுச் சட்டமொண்டில பொலிசுக்கு ஒருத்தரின்ர வீட்டடியில நிக்கிற ஆக்களை விலகச் சொல்லுற அதிகாரம் குடுத்தவை, 2005 இல அதைத் தனிக் குற்றமாயும் ஆக்கினவை. அது விலங்குப் பரிசோதனை செய்யிற கொம்பனி ஊழியரின்ர வீடுகளுக்கு இரவு பகலாப் போய்த் தொல்லை குடுத்த காலத்தில வந்தது, அதால அங்க ஒரு உண்மையான காரணம் இருந்தது.

எனக்கு மனசில நிக்கிறது நியூசிலாந்து வழக்கு. ஒரு பெண் பொலிஸ் இரவு தன்ர வீட்டுக்குத் தேடுதல் ஆணையோட வந்தது பிழை எண்டு கோவப்பட்ட ஒராள், ஒரு நாள் காலமை அந்தப் பொலிசின்ர வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். அவ இரவு வேலை முடிச்சு நித்திரை, எழும்பி வந்து போகச் சொன்னவ. அந்தாள் கேற்றுக்கு வெளியில புல்லுக்கரையில நிண்டு கிற்றாரை அடிச்சுப் பாடினார், கையில எழுதின ஒரு பதாகை மட்டை. ஒழுங்கீன நடத்தை எண்டு தண்டிச்சினம், 2007 இல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மூண்டுக்கு ரெண்டு எண்டு விடுதலை செய்தது. ஒருத்தருக்கு எரிச்சல் வந்ததெண்டு மட்டும் பாத்துக் குற்றமெண்டு சொல்ல ஏலாது, பொது ஒழுங்கு குழம்பினதோ எண்டு பாக்கோணும் எண்டது பெரும்பான்மை. மற்ற ரெண்டு நீதியரசரும் வீட்டில ஆறுதலா இருக்கிற உரிமைக்கு இன்னும் பாரம் குடுக்கோணும் எண்டு எழுதினவை. நான் ரெண்டு பக்கத்தையும் வாசிச்சனான், இரவு வேலை செய்து நித்திரை கொள்ளுற ஒரு மனிசியின்ர பக்கமும் எனக்கு விளங்குது, எண்டாலும் பெரும்பான்மைதான் சரியெண்டு நினைக்கிறன், கொஞ்ச நேரம் ஒராள் பகல்ல பாடினதுக்குக் குற்றச் சட்டம் வேண்டாம். 2025 இல அதே நாட்டு அரசாங்கம் வீடுகளுக்குக் கிட்டப் போராடுறதை நேரடியாக் குற்றமாக்குற சட்டமூலம் ஒண்டைக் கொண்டுவந்தது, அதில ஆளைக் குறிவச்சிருக்கோணும், நியாயமில்லாத அளவு இடைஞ்சல் இருக்கோணும் எண்டு நிபந்தனைகள் இருக்கு.

இனி எங்கட நாடு. 2022 மார்ச் 31 இரவு, பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள், கொழும்புக்குக் கிட்ட மிரிஹானையில பெங்கிரிவத்தை வீதியில அப்ப ஜனாதிபதியா இருந்த கோட்டாபய ராஜபக்சவின்ர சொந்த வீட்டடிக்குச் சனம் போச்சு. அது ஜனாதிபதி மாளிகை இல்லை, தனியார் வீடுதான், ஆனா நாட்டை நடத்தின ஆள் அங்கதான் இருந்தார். கண்ணீர்ப்புகை, தண்ணி பீச்சினது, ஒரு பஸ் எரிஞ்சது, அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். பிடிபட்ட ஆக்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் நீதிமன்றத்துக்கு வந்தவை. நான் அந்த இரவின்ர தொடக்கத்தைப் பிழையெண்டு சொல்லமாட்டன், அதிகாரமெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள போய் இருந்தா சனமும் அந்த வீட்டடிக்குத்தான் வரும். ஆனா அதே வருசம் மே 9 இலயும் பிறகும் அரசியல்வாதிகளின்ர வீடுகளை எரிச்சதும், ஜூலை 9 இரவு ரணில் விக்கிரமசிங்கவின்ர கொள்ளுப்பிட்டி வீட்டைப் புத்தகங்களோட எரிச்சதும் போராட்டமில்லை, குற்றம். நூலகம் எரிஞ்ச ஊரில இருந்து எழுதுற ஆளா இதை நான் உறுதியாச் சொல்லுறன்.

அதுக்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது? வீடுகளைப் பாதுகாக்க ஒடுக்கமான சட்டமா கொண்டுவந்தது? இல்லை. 2022 செப்டெம்பரில 1955 ஆம் ஆண்டு அரச இரகசியச் சட்டத்தை எடுத்துக் கொழும்பில நாடாளுமன்றம், ஜனாதிபதி மாளிகை, நீதிமன்றங்கள் எண்டு பெரிய பகுதிகளை அதியுயர் பாதுகாப்பு வலயமா அறிவிச்சது, எதிர்ப்பு வலுக்க கொஞ்ச நாளில அதை வாபஸ் வாங்கினது. கொழும்பு ஆக்களுக்கு அது புதுச் செய்தி. எங்களுக்கு அப்பிடியில்லை. வலிகாமம் வடக்கில 1990 இல இடம்பெயர்ந்த சனத்துக்கு உயர் பாதுகாப்பு வலயமெண்டது தன்ர சொந்த வீட்டுக்குப் போக ஏலாத முள்ளுக்கம்பி. தையிட்டியில விகாரைக்காகப் போன காணியின்ர சொந்தக்காரர் போயா நாளுக்கு வந்து தங்கட காணிக்குக் கிட்ட றோட்டுக்கரையில நிண்டு போராடினம். அவையைப் பாத்து மற்றவையின்ர வீட்டு அமைதியைக் கெடுக்காதேங்கோ எண்டு ஒரு சட்டம் சொல்லுமெண்டா, அவையின்ர வீட்டைப் பற்றியும் அது ஏதாவது சொல்லவேணும்.

எண்டாலும் வீட்டுக்குப் பாதுகாப்பு வேணுமெண்டு நான் சொல்லுறது பெரியாக்களுக்காக இல்லை. பெரியாளுக்கு மதிலும் இருக்கு, காவலும் இருக்கு. எங்கட ஊரில ஒரு வீட்டைச் சுத்தி ஆக்கள் கூடி நிண்டு பயங்காட்டினது கூடுதலா நடந்தது எளிய சனத்துக்குத்தான். சாதியின்ர பேரால நடந்திருக்கு, வாளோட வந்து கேற்றை வெட்டின பொடியளாலயும் நடந்திருக்கு. நுண்கடன் காசு கட்ட ஏலாத பொம்பிளையளின்ர வீட்டு விறாந்தையில கொம்பனி ஆள் வந்து இருந்துகொண்டு காசு தரும்வரைக்கும் எழும்பமாட்டன் எண்டு இருட்டும்வரைக்கும் இருந்தது எங்கட கிராமங்களுக்குத் தெரியும், அயலட்டை வேலிக்குள்ளால பாக்கும், பள்ளிக்கூடத்தால வாற பிள்ளை புத்தகப் பையோட ஒழுங்கை முடக்கிலயே நிக்கும், வீட்டுக்குள்ள வர வெக்கப்பட்டு. தம்பி, நீங்கள் போய் இருக்கப்போற வீட்டிலயும் ஒரு பிள்ளை இருந்தா அது செய்த குற்றமென்ன எண்டு ஒருக்கா யோசியுங்கோ.

என்ர முடிவைக் கேட்டா, தனியார் ஆளின்ர வீட்டைக் குறிவச்சு நாள்கணக்கில இருக்கிறதைக் கட்டுப்படுத்துற சட்டம் வந்தா நான் எதிர்க்கமாட்டன், ஆனா அதில முதல் எச்சரிக்கை இருக்கோணும், ஊர்வலமாக் கடந்து போறதுக்கு இடமிருக்கோணும், என்ன விசயத்துக்கு நிக்கினம் எண்டு பாத்துப் பிரிக்கக் கூடாது. பதவியில இருக்கிற ஆள் தன்ர வீட்டையே கந்தோராப் பாவிச்சா அந்த வீடு மற்ற வீடுகள் மாதிரி இல்லை. ஐநாவின்ர மனித உரிமைகள் குழு 2020 இல வெளியிட்ட 37ஆம் பொதுக் கருத்துரையில போராட்டம் ஆரை நோக்கிச் செய்யினமோ அவையின்ர கண்ணுக்கும் காதுக்கும் எட்டுற தூரத்தில முடிஞ்சவரை நடக்க விடவேணும் எண்டு சொல்லியிருக்கு. அந்தக் குழு பாக்கிற குடிசார், அரசியல் உரிமைகள் பற்றின சர்வதேச உடன்படிக்கையில இலங்கை 1980 இலயே சேர்ந்த நாடு. கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20 இல கந்தசுவாமி கோயிலடியில இருக்கத் தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டவையின்ர அம்மாமார் ஒரு அமைச்சரின்ர வீட்டு வாசல்ல நிக்கோணுமெண்டு நினைச்சா அவையை 106 காட்டி எழுப்புறதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டன். றோட்டுக்கரையில வருசக்கணக்கா இருந்தும் ஒருத்தரும் வந்து பதில் சொல்லேல்லை.

இனி உங்கட விசயம். அந்தாளின்ர கந்தோர் பூட்டியிருந்தாலும் போராட்டத்தை அங்க, கடைத்தெருவில வையுங்கோ, சனம் பாக்கும், ஊடகமும் வரும், இன்னும் ஆர் ஆர் ஏமாந்தவை எண்டும் தெரியவரும். வீட்டடிக்குப் போயே ஆகவேணும் எண்டா பகல்ல, கேற்றில இருந்து தள்ளி, றோட்டின்ர ஒரு கரையில, ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு அரை மணித்தியாலம் நிண்டிட்டு வந்திடுங்கோ, நாள்கணக்கா இருக்கவேண்டாம். பதாகையில கள்ளன் எண்டு எழுதாதேங்கோ. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல போனது உண்மை, ஆனா சிவில்ல மானநட்ட வழக்குப் போடலாம். எங்கட காசைத் திருப்பித் தா எண்டு எழுதுங்கோ, அது உண்மை, அதை வச்சு வழக்கு வெல்லுறது கஷ்டம். பேஸ்புக்கில லைவ் போட்டு வீட்டு இலக்கத்தையும் பிள்ளையளின்ர முகத்தையும் காட்டவே வேண்டாம், 2024 ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில ஒராளைத் துன்புறுத்தவெண்டு அவற்ற தனிப்பட்ட விபரங்களை வெளியிடுறதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. பொலிஸ் 106 கட்டளையோட வந்தா அந்த இடத்திலேயே தர்க்கப்படாமல் பிரதியை வாங்கிக்கொண்டு விலகுங்கோ, கட்டளையை மாத்தச் சொல்லியோ நீக்கச் சொல்லியோ அதே நீதவானிட்டயே கேக்கலாம். பிடிச்சு அடைச்சாலோ அடிச்சாலோ அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாசம்தான் காலம், அதுக்குள்ள ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கோ.

போராட்டத்துக்கு முன்னம் செய்யவேண்டியது ஒண்டிருக்கு. ஏமாத்திக் காசு வாங்கினது தண்டனைச் சட்டக்கோவையில 398, 403 ஆம் பிரிவுகளுக்குக் கீழ வாற குற்றம், வேலைக்கு அனுப்புறன் எண்டு சொல்லி வாங்கியிருந்தா 1985 ஆம் ஆண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டமும் சேரும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் அனுப்புறதே அதில குற்றம். எல்லாரும் தனித்தனியா முறைப்பாடு எழுதுங்கோ, வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் மெசேஜ், குடுத்த திகதி எல்லாத்தையும் போட்டோக்கொப்பி எடுத்து இணையுங்கோ, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறிச்சு வையுங்கோ. அந்தாளிட்ட அனுமதிப்பத்திரம் இருக்கோ எண்டு கேட்டுப் பணியகத்துக்கு ஒரு கடிதம் இண்டைக்கே போடுங்கோ, பதில் வந்தோண்ண இஞ்ச சொல்லுங்கோ, அடுத்த படியைக் கதைப்பம்.